விண்கலம் சிவப்பில் நின்றது

காலையில் வேலைக்குப் போகிற மனிதன் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்பதே சாலைச் சட்டத்தின் நோக்கம். இந்த நோக்கம் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

இதனால் அதிகம் அவதிப்பட்டவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண் பரிசோதிப்பதும் அவர் வேலைதான். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடக் கடகடவென்று படித்துவிட்டுப் போகிற ஆள், கடையை விட்டு இறங்கியதும் எதிரே நிற்கும் பஸ்ஸைக் கவனிக்காமல் போய் இடிப்பது எப்படி என்பது அவருக்கு விளங்காத புதிர்.

அவர் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பெரிய நாற்சந்தி. ஸ்கூட்டரில் அதைத் தாண்டுவதற்குள் பாதி ஆயுள் போய்விடும். வலப்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு இடப்பக்கம் திரும்பும் கார் ஒன்று வரும். திரும்பப் போகிறோமா நேரே போகப் போகிறோமா என்று தனக்கே தெரியாத வேன் ஒன்று வரும். முழங்காலால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் போனில் செய்தி அனுப்பும் பெரிய மனிதர் ஒருவர் தினமும் வருவார். சிவப்பு விளக்கு அங்கே எரிவது உண்மை. அது அலங்காரத்துக்கு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மாலையில் வீடு வந்து சேர்ந்தால் 'அண்டவெளி ரோந்து' என்ற விஞ்ஞானத் தொடர். அவருடைய மனைவி பல் டாக்டர். மனைவியின் தம்பி ஒரு பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். கடைக்காரரும் கூட உட்கார்ந்து, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பார்.

"இப்போ சிவப்பு விளக்கு எரியும். கப்பலைத் திருப்புங்கன்னு அந்த ரோபோ கெஞ்சும். கேப்டன் கேட்க மாட்டான். நேரா எரிகல் கூட்டத்துக்குள்ள விடுவான்."

அப்படியே நடக்கும்.

"உங்களுக்கு வாய் வலிக்காதாங்க?" என்பாள் மனைவி.

"கதை எழுதறவனுக்குக் கை வலிக்கலையே."

மைத்துனனுக்கு அந்தக் கேப்டன்மேல் மிகுந்த மரியாதை. அவனும் திரும்பும்போது விளக்குப் போடுகிறவன் இல்லை. ஏன் என்று கேட்டால், "நான் எங்கே போறேன்னு ஊருக்கெல்லாம் எதுக்கு அத்தான் சொல்லணும்?" என்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் பல் டாக்டர் அந்த நாற்சந்தியைக் கடந்தாள். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தது. கால் வைத்தது வெள்ளைக் கோட்டின்மேல். அப்படியும் விளக்குப் போடாமல் திரும்பிய ஒரு கார் அவளைத் தட்டிவிட்டது. கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "பார்த்து வரக்கூடாதாம்மா?" என்று நியாயம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கையில் மாவுக்கட்டு.

பல் டாக்டருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? வீங்கிய கன்னத்தோடு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு திரும்பினார்கள். அவள் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இந்தக் கை பழையபடி இடுக்கி பிடிக்குமாங்க?" என்று கேட்டாள். கடைக்காரர் தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். மறுநாள் கடையை அடைத்துவிட்டுப் போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அங்கே காத்திருப்போர் கூடத்தில் ஒரு டிவி இருந்தது. காத்திருப்பவர்களின் சௌகரியத்துக்காக வைத்தது. நாளடைவில் அதிகாரிகளும் அங்கேயே உட்கார ஆரம்பித்திருந்தார்கள். துணை ஆணையர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குறையைக் கேட்டார்.

"உங்க வருத்தம் புரியுது. ஆனா சாலை எங்களோடது இல்லை. அது சாலைத் துறை."

"சிக்னல்?"

"மின்சாரத்துல எரியுது. மின்துறை."

"அந்தக் காரு?"

"காரு அவரோட சொந்தச் சொத்து. அதுல நாங்க எப்படித் தலையிட முடியும்?"

"ஓட்டின ஆளு?"

"அவர் பொதுமக்கள். பொதுமக்களுக்குச் சேவை செய்யத்தான் நாங்க இருக்கோம்."

"அப்போ இந்த ஆபீஸ்ல நீங்க எதைத்தான் சார் கவனிக்கிறீங்க?"

துணை ஆணையர் டிவியைக் காட்டினார். 'அண்டவெளி ரோந்து' மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சலில் கடைக்காரரின் வாய் தானாகப் பேசிற்று.

"இதைக் கவனிக்க என்ன இருக்கு? இப்போ சிவப்பு விளக்கு எரியும். இந்தத் தடியன் மதிக்க மாட்டான். விளக்குப் போடாம வலது பக்கம் திருப்புவான்."

விளக்கு எரிந்தது. கேப்டன் மதிக்கவில்லை. வலது பக்கம் திருப்பினான்.

துணை ஆணையர் முதல்முறையாகக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க? சிவப்பை மதிக்கலையா?"

"ஆமா. என்னிக்குத்தான் மதிச்சான்?"

"ஊரே இதைப் பார்க்குது. பார்த்துட்டுத்தான் ரோட்டுலயும் அப்படியே ஓட்டறாங்க. விஷயம் இவ்வளவு சுலபமா இருந்திருக்கு." அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், விண்வெளி எந்தத் துறைக்குக் கீழே வருது?"

"எதுக்கும் வராதுன்னு நினைக்கிறேன்."

"அப்படின்னா அது நம்மளுது."

அன்று மாலையே ஆணை பிறந்தது. 'பொதுநலன் கருதியும், விபத்துகளை அவை தோன்றும் இடத்திலேயே தடுக்கும் உயரிய நோக்கோடும், தொலைக்காட்சியில் இயங்கும் விண்கலங்கள் அனைத்தும் இன்று முதல் சாலை விதிகளுக்கு உட்பட்டவையாகும்.' விண்வெளிப் போக்குவரத்துக்குத் தனிப் பிரிவு, தனி அறை, வாசலில் பித்தளைப் பலகை. நடப்பதை முன்கூட்டியே சொல்ல வல்லவர் என்பதால் கடைக்காரரைக் கௌரவ ஆலோசகராக நியமித்தார்கள். அவர் மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பதவிக்கு ஒரு காரும் டிரைவரும் உண்டு என்றார்கள்.

தொடரின் கதாசிரியர் தூக்கம் கெட்ட மனிதர். ஆலோசகர் போய் உட்கார்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், எதிரிக் கப்பல் துரத்துது. இந்த நேரத்துல கேப்டன் எப்படி நிப்பான்?"

"எதிரியும் நிப்பான். சிவப்பு அவனுக்கும் சிவப்புதானே?"

"ரெண்டு பேரும் நின்னா சண்டை?"

"பச்சை விழட்டும்."

"விண்வெளியில குறுக்கே யாரு சார் நடக்கப் போறாங்க?"

"யாராவது ஒரு வேற்றுக்கிரக அம்மாவை நடக்க விடுங்க. மெதுவா நடக்கட்டும். கையில பை இருந்தா நல்லது."

கதாசிரியர் பெருமூச்சு விட்டு எழுதினார். தொடர் இந்த வாரத்தோடு படுத்துவிடும் என்று தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நடந்தது வேறு. அந்த வாரம் சிவப்பு விளக்கு எரிந்தது. ரோபோ கெஞ்சியது. கேப்டன் கப்பலை நிறுத்தினான். வீடு வீடாக ஜனங்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். சிவப்பு விளக்கில் ஒரு வாகனம் நிற்பதை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்க ஒருவராலும் முடியவில்லை. வேற்றுக்கிரக அம்மா பையோடு கடந்து போனபோது கேப்டன் தலையைத் தாழ்த்தி வணங்கினான். மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன கற்பனை அத்தான்," என்றான். "நிஜத்துல நடக்குமா இதெல்லாம்?"

அதன்பிறகு ஊரில் வேறு பேச்சு இல்லை. கேப்டன் படம் போட்ட பனியன் வந்தது. காரின் பின்கண்ணாடியில் 'நான் சிவப்பில் நிற்பவன்' என்று ஒட்டிக்கொள்வது நாகரிகமாயிற்று. ஒட்டியவர்கள் அந்த எழுத்து மற்றவர்கள் கண்ணில் படட்டும் என்று எல்லோரையும் முந்திக்கொண்டு போனார்கள். தொடர் ஆரம்பிப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று மாலையில் ஊரே பறந்தது. நடைபாதைமேல் ஏறிப் போனார்கள், எதிர்த்திசையில் போனார்கள். எலும்பு டாக்டரின் வாசலில் வரிசை நீண்டது.

"ரோட்டுல முன்னைவிட மோசமாத்தான் இருக்குங்க," என்றாள் மனைவி. மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. "உங்க அதிகாரிகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

"சொல்லாம இருப்பேனா? நேத்துகூடப் பேசினேன். அடுத்த வாரம் கேப்டன் சீட் பெல்ட் போடறான்."

அவர் இப்போது ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. ஆலோசகரின் காருக்கு மேலே சுழல்விளக்கு வைத்திருந்தார்கள். நாற்சந்தியில் அதை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை; பின்சீட்டில் வசனம் திருத்திக்கொண்டிருந்த அவருக்கு, நாற்சந்தி எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியாது.

வருட முடிவில் அலுவலகம் பெருமையோடு அறிக்கை விட்டது. விண்வெளியில் விபத்து எதுவும் பதிவாகவில்லை. துணை ஆணையருக்கு விருது அறிவித்தார்கள். அதைக் கொண்டாட ஒரு சிறப்புப் பகுதி தயாரானது. பிரபஞ்சத்தின் மிகப் பெரிய நாற்சந்தியில் கேப்டன் நிற்பதுதான் கதை. அதை ஆலோசகர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கப்போவதாகத் துணை ஆணையர் சொல்லியனுப்பினார்.

வீட்டை ஒழுங்குபடுத்தி, நல்ல நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டு வைத்தார்கள். தொடர் ஆரம்பித்துவிட்டது. விருந்தாளியைக் காணோம். கேட் திறந்திருக்கிறதா என்று பார்க்க மனைவி வெளியே போனாள்.

வாசலில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். மைத்துனன் டிவியின் ஒலியைக் கூட்டினான்.

கொஞ்ச நேரத்தில் துணை ஆணையர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். நெற்றியில் சிறு கீறல்.

"ஆரம்பிச்சிடுச்சா? மன்னிக்கணும். ரோட்டுல ஒரு பயலுக்கும் ஒழுங்கா ஓட்டத் தெரியலை. எல்லாரையும் தாண்டி வர வேண்டியிருந்தது." நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அப்புறம், உங்க காம்பவுண்டுச் சுவர் கொஞ்சம் விழுந்திருக்கு. சுவர் கட்டடத் துறையில வரும். நான் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

"பரவாயில்லை சார்," என்றார் கடைக்காரர். "கேப்டன் இப்பத்தான் நாற்சந்திக்குப் பக்கத்துல வந்திருக்கான்."

மனைவி உள்ளே வந்து டிவிக்கு முன்னால் நின்றாள். தலையிலும் தோளிலும் செங்கல் தூசி.

"அந்தச் சுவரோரமாத்தான் நின்னுட்டு இருந்தேங்க," என்றாள். "ரெண்டு அடி இந்தப் பக்கம் நகர்ந்தேன். அதனால இருக்கேன்."

"தெய்வாதீனம். சரி, உட்காரு, மறைக்காதே. நிக்கப் போகுது பாரு."

அவள் உட்காரவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தெரு நெடுகக் கார்கள் கோணல்மாணலாக விட்டபடி கிடந்தன; ஒன்றின் சக்கரம் யாருடைய பூந்தொட்டியின்மேலோ ஏறியிருந்தது. ஒரு மனிதர் ஓட்டமாக ஓடி எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்.

அப்போது எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கைதட்டல் எழுந்தது. விண்கலம் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். தன் வீட்டில் எழுந்து நின்று எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன்தான்.