பாளையங்கோட்டைக்குப் போன ஸ்டுடியோ கோட்டு

பொறாமைப்படுகிறவன் சோம்பேறியாக இருக்கவே முடியாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் நான் ஒழுங்காகப் பார்த்த ஒரே உத்தியோகம், சாமுவேல் சார்மேல் பொறாமைப்பட்டதுதான்.

அவர் வருவதற்கு முன்னால் ஊரில் எனக்கு ஒரு மவுசு இருந்தது. பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன் (அப்போது அதுவே ஒரு பதவி). சுற்று வட்டாரத்தில் எந்தப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாலும் தகப்பனார் அவனைக் கூட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார். காலேஜ் அப்ளிகேஷன் நிரப்புவது, தாலுகா ஆபீசில் வருமானச் சர்டிபிகேட் வாங்க வழி சொல்வது, சம்பளச் சலுகைக்கு மனு எழுதுவது (காலேஜ் ஃபீஸை அப்போது சம்பளம் என்போம்) எல்லாம் நான்தான்.

பிறகு பள்ளிக்கூட வாத்தியாராகச் சாமுவேல் சார் மாற்றலாகி வந்தார். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அவர் மனு எழுதிய பையன்கள் அத்தனை பேருக்கும் சலுகை கிடைத்தது. அடுத்த ஜூன் மாதம் அவர் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என் வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. அதிலும் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது.

எனக்கென்று மிஞ்சியவர் இளையரசனேந்தல் மாடசாமி மட்டும்தான். மானாவாரி நிலம், இரண்டு வருஷமாக மழையில்லை. மகன் சங்கரன் நல்ல மார்க் வாங்கியிருந்தான். சலுகை கிடைத்தால் காலேஜில் பி.யூ.சி., கிடைக்காவிட்டால் மெட்ராஸில் மளிகைக்கடை. கடைக்காரரிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

சாமுவேல் சார் தன் பையன்களோடு பாளையங்கோட்டைக்கே போகிறார் என்று தெரிந்ததும் நானும் கிளம்பிவிட்டேன். அவர் வெள்ளை வேட்டி. நான் அதற்கு மேலே நிற்க வேண்டாமா? ஸ்டுடியோ வைத்திருந்த சிநேகிதனிடம் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கினேன். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடுகிற கோட்டு. முன்பக்கம்தானே படத்தில் விழும் என்று முதுகுக் கிழிசலைத் தைக்காமல் ஊக்கு குத்தியிருந்தான். பஸ்ஸில் மாடசாமிக்குப் பாடமும் எடுத்தேன். யார் கேட்டாலும் எங்களுக்கு எல்லாம் இவர்தான் என்று சொல்ல வேண்டும்.

காலேஜ் பிரின்ஸ்பால் என்னை மேலும் கீழும் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். மாடசாமி பாடத்தை மறக்கவில்லை.

"எங்க அண்ணாச்சிதான்யா. எங்களுக்கு எல்லாம் இவுகதான்."

வராந்தாவில் சாமுவேல் சார் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தி, "ஆமா சார், எல்லாம் நான்தான்" என்றேன். காலரை வேறு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பிரின்ஸ்பால் மனுவை ஓரமாக வைத்துவிட்டார். இவ்வளவு வசதியான சொந்தக்காரர் இருக்கும்போது சலுகை எதற்கு, இல்லாதவர்களுக்குக் கொடுப்போமே என்றார். கோட்டு இரவல் என்று சொல்ல வெட்கம் விடவில்லை. சங்கரன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். வெளியே வந்ததும் மாடசாமி, "இவன மெட்ராசுக்கே அனுப்பிருதேன் அண்ணாச்சி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாமுவேல் சார் எழுந்து வந்து என்ன ஏது என்று மாடசாமியிடம் விசாரித்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போனார். (என்னுடைய கடைசி ஆளும் அவர் பின்னால் போகிறாரே என்றுதான் அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.) பிரின்ஸ்பால் மேசையில் இருந்த எங்கள் ஊர் அப்ளிகேஷன்களை அனுமதி கேட்டு எடுத்து, வரிசையாகப் பரப்பினார். எல்லாப் போட்டோவிலும் ஒரே கோட்டு. ஒருவன் அதில் மூழ்கிக் கிடந்தான், ஒருவனுக்குப் பொத்தான் தெறிக்கிற மாதிரி இருந்தது. சங்கரன் போட்டோவிலும் அதே கோட்டுதான்.

"ஐயா, இது ஸ்டுடியோ கோட்டு. எங்க ஊர்ப் பிள்ளைக எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்" என்றவர், என்னிடம் மெதுவாக, "தம்பி, கொஞ்சம் திரும்புங்க" என்றார்.

திரும்பினேன். ஊக்குகளும் கிழிசலும் அதற்குள் நனைந்த என் சட்டையும் பிரின்ஸ்பாலுக்குத் தரிசனம் கொடுத்தன. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவருக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"அதுவும் இன்னும் அமையல ஐயா" என்றார் சாமுவேல் சார்.

சலுகை கிடைத்துவிட்டது. ஹாஸ்டலும் சேர்த்து.

சாமுவேல் சார் இதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானாக இருந்தால் தெருத்தெருவாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பெருந்தன்மைமேலும் பொறாமைதான். மாடசாமி பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து நான் கோட்டு அண்ணாச்சி, அடுத்த தலைமுறைக்குக் கோட்டு மாமா.

சங்கரன் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். அவன் வீட்டுக் கூடத்தில் சாமுவேல் சார் படம் மாட்டியிருக்கிறது, தினமும் புதுப் பூ. பக்கத்தில் பெரிதாக்கி மாட்டிய அவனுடைய அப்ளிகேஷன் போட்டோ. போன மாதம் போயிருந்தபோது மனசு கேட்காமல் அவன் மனைவியிடம் கேட்டே விட்டேன், என் படத்தை மட்டும் ஏன் மாட்டவில்லை என்று.

அவள் காபியை நீட்டிக்கொண்டே புருஷன் போட்டோவைக் காட்டிச் சொன்னாள்: "ஒங்களுக்குத் தனியா எதுக்கு மாமா? இவுக போட்டுருக்கதே ஒங்களத்தான."