ஈரத்துக்குக் கழித்த புத்தகங்கள்

இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதிலும் தண்ணீர் கழித்துப் புத்தகத்தை எடை போட்ட மனிதர் ஒருவர்தான். அவருடைய பெயர் நூலக அட்டையில் இருந்தது. ஆனாலும் தராசு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுப்பது அவர் வேலை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் நிறை சொல்வார்.

"தராசண்ணே, மழைக்கு நாங்களா கடுதாசி போட்டோம்?" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள்.

"மழையையும் சேத்து நிறுத்தா மழைக்கும் சம்பளம் குடுக்கணுமே தாயி!"

தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது தொழிலாளர்களுக்கும் பங்குப் பத்திரம் கிடைத்தது. பலர் அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். கொஞ்ச நாளில் பெரகல சந்தியிலிருந்து ஒருவர் வந்து, ரொக்கம் தந்து அவற்றை வாங்கத் தொடங்கினார். விற்பதா, வைத்திருப்பதா? லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் தராசிடம் கேட்டார்கள். "படிச்சிட்டுச் சொல்றேன்" என்று அவர் பதுளைக்கு பஸ் ஏறினார்.

அங்கே நான் நூலகர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தபோது, படித்தவன் என்ற தலைக்கனத்தையும் கொண்டுவந்திருந்தேன்.

"ஐயா, பங்குச் சந்தைக்குப் புத்தகம் வேணுங்க."

"வெலிமடை மரக்கறிச் சந்தைக்குப் போக ஆரும் புத்தகம் படிக்கினமோ?"

"அங்க லீக்ஸைத் தொட்டுப் பாக்கலாங்க. இதைத் தொட முடியலியே."

எழுந்து போய்ப் புத்தகங்களை எடுத்து வந்தேன். முதல் புத்தகத்தின் அட்டையில் ஒருவர் கார் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தராசு அதை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார்.

"காருக்குக் கழிங்க. முன்னுரை நாலு பேரு, கழிங்க. பெரிய பெரிய எழுத்து, அம்புட்டும் தண்ணி. மிச்சம் ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுதாங்க தேறும்."

அடுத்தது தலையணை மாதிரி ஒன்று. "இதுல நட்டம் எந்தப் பக்கங்க?" என்றார். தேடினேன். இல்லை. "மழையே பெய்யாத தோட்டமா இது?" என்று தள்ளி வைத்தார். பத்திரிகை படிக்க வந்தவர்கள் பத்திரிகையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். ஏழு புத்தகங்கள் தோற்றன.

"நட்டத்தையும் சொல்ற புத்தகம் இல்லீங்களா?"

இருந்தது. சாம்பல் அட்டை போட்ட மெல்லிய புத்தகம். நட்டத்துக்கு மட்டும் இரண்டு அத்தியாயங்கள். அது என் அறையில், தலைமாட்டில் கிடந்தது. எனக்கும் பங்கு வாங்கும் ஆசை வந்திருந்தது. தவணைத் தேதி நூலகருக்குக் கிடையாது என்பது என் சட்டம்.

"ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டினம். வாற கிழமை வாரும்" என்றேன்.

ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை வந்தார். நான் படித்து முடித்திருக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் அதே பதிலைச் சொன்னேன்.

"எடுத்தவரு எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரோ என்னமோ, பாவம்" என்றார் தராசு. பட்டதாரியான நான் தலையாட்டினேன்.

நாலாம் கிழமை புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தேன். நூலகம் மூடும்வரை அவர் குனிந்த தலை நிமிராமல் படித்தார். பிறகு எழுந்து வந்தார்.

"வருஷா வருஷம் லாபம் வரக்கூடிய கடுதாசிங்க அது. அவசரப்பட்டு விக்கவே கூடாது. ஆனா முந்தாநாளு எல்லாரும் குடுத்துட்டாங்க. புத்தகம் வரட்டும், பொறுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். எம்புட்டு நாளைக்குத்தான் பொறுப்பாங்க? இப்ப என்னோடது மட்டுந்தான் மிச்சம்."

புத்தகத்தை எடுத்து வைத்திருந்த ஆள் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, நான் ஓய்வு பெறப்போகும் சமயம், தராசு வந்தார். அதே சாம்பல் அட்டைப் புத்தகத்தின் புதுப் பிரதி ஒன்றை, எடை பார்க்காமலே என் கையில் வைத்தார்.

"பங்குலாபத்துல வாங்குனதுங்க. அந்த மெதுவாப் படிக்கிறவரு மறுபடி எடுத்துட்டுப் போனாலும், அடுத்து வர்றவன் வெறுங்கையோட திரும்பக் கூடாதில்லீங்களா, ஐயா?"

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அவர் முகம் எதையும் காட்டவில்லை. தெரிந்துதான் சொன்னார் என்று இந்த வயதில் நினைக்கிறேன். என்னில் கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் அவர் ஐயா என்று கூப்பிட்டிருக்கிறார்.