முதுகரும் மண்ணிற முதுகும்

பலேர்மோ நகரத்தில் எந்தப் பொருளுக்கும் முகம் என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் முதுகர்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அது நிறைந்த கோப்பை என்பது பிறகுதான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் அங்கே ஒரேத்தோ வீதியில் மன்னார் சவிரிமுத்துவும் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். முதுகர் என்ற பெயரை அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம். நேரில் அவர் எங்களுக்கு அண்ணை.

பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்த அன்று, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் எல்லோரும் பெயர் சரியா, திகதி சரியா என்று பதைத்துக்கொண்டு நின்றோம். முதுகர் தன்னுடையதைத் திருப்பிப் பெருவிரலால் தடவினார்.

"வாடிக்கை முதுகு. எல்லாருக்கும் இதைத்தான் அடிக்கிறாங்கள்" என்றார்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி, ஏதோ பிழை என்று பயந்து, அதைத் திரும்ப வாங்கித் தானும் பின்பக்கம் பார்த்தார்.

இந்த வியாதி அவருக்குத் தொற்றியது நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில். அங்கே ஒரு வயதான சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் அவருக்கு வேலை. சின்யோராவின் தகப்பனார் வாலிபத்தில் அமெரிக்காவுக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, சிகரெட் ஊதித் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவர். அந்தக் காலத்து அமெரிக்க சிகரெட் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை வைப்பார்களாம். முன்பக்கம் பேஸ்போல் ஆட்டக்காரனின் படம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். மனிதர் ஒன்றையும் எறியவில்லை. பாதி பிஸ்கட் டின்னில் கிடந்தது, மீதியை அல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தார். "தூசிதானே பிடிக்கிறது, நீயே கொண்டுபோ" என்று சின்யோரா முழுவதையும் முதுகரிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு கோடையில் அமெரிக்காவிலிருந்து சின்யோராவின் தம்பி மகன் வந்தான். டின்னைக் கண்டதும், "முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார்" என்று சொல்லி, ஒரு கையடக்கப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனான். ஒரே ஆட்டக்காரனின் படத்துக்குப் பின்னால் பல சிகரெட்டுகளின் விளம்பரத்தை மாற்றி மாற்றி அடித்திருக்கிறார்கள். நன்றாக விற்ற சிகரெட்டின் முதுகு மலிந்து கிடக்கும். விற்காமல் போன சிகரெட்டின் முதுகு தேடினாலும் அகப்படாது. முகம் ஒன்றுதான், ஆனால் ஒரு முதுகு ஒரு கோப்பி வாங்கக் காணும், இன்னொரு முதுகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆளையே இங்கே எடுப்பிக்கும். இந்தக் கடைசிக் கணக்கு தம்பி மகன் சொன்னதல்ல, முதுகர் தானே போட்டது.

கலியாணம் முடித்த கையோடு மனைவியை விட்டுவிட்டு வந்தவர் அவர். அங்கே யுத்தம், செல்லடி, இங்கே மாடிப்படி கழுவுகிற சம்பளம். மனைவியைக் கொண்டுவர ஏஜென்சிக்காரன் கேட்டதைக் கொடுக்க அடுத்த பிறவியிலும் படி கழுவ வேண்டும். ஆகவே மனிதர் கடவுளுக்கு அடுத்தபடியாக, எங்கேயோ எப்போதோ விற்காமல் போன ஒரு சிகரெட்டை நம்பினார்.

வாடிக்கை, சுமார், அருமை என்று மூன்று தரம் வைத்திருந்தார். டின் முழுவதும் வாடிக்கை.

"ஒருத்தரிட்டையும் இல்லாட்டி அது அருமைதானே, அண்ணை?" என்று சவிரிமுத்து ஒருநாள் கேட்டான்.

"இல்லையடா தம்பி. ஆராவது தேடவும் வேணும். உன்ரை ஓட்டைச் சப்பாத்தும் உலகத்திலை ஒண்டுதான். ஆர் தேடுறான்? மற்றது, முதுகு தனிய நிண்டு அருமையாகாது. எந்த முகத்துக்குப் பின்னாலை நிக்குதெண்டும் பாக்கவேணும்."

இந்த ஞானத்தோடு நிறுத்தியிருக்கலாம். சவிரிமுத்துவின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய மாதா படத்தையும் கழற்றித் திருப்பிவிட்டார். "மாதாவின்ரை முதுகைப் பாக்க நீர் ஆர்?" என்று அவன் துள்ளிக் குதித்தான். 'அண்ணை' போய் 'நீர்' ஆகிவிட்ட அந்த வாரம் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தக் கடதாசியானாலும் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் பேனை ஓடாது. சின்யோரா சொல்லச் சொல்ல மீன் சிட்டை எழுதினாலும் மேலே ஒரு 'உ'. அதைச் சந்தையில் மீன்காரன் இரண்டு என்று வாசித்தான். கணவாய் இரட்டிப்பு, மட்டி இரட்டிப்பு. சின்யோரா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மீன் சிட்டைக்கும் பிள்ளையாரோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"அப்ப ஆர் காவல்?" என்றார்.

டின் கைவிட்டதும் அல்பம்தான் மிச்சம். ஒரு ஞாயிறு மத்தியானம் சூப் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, ஒட்டிய அட்டைகளை ஊறவைத்து ஒவ்வொன்றாக உரித்தார். நீல மை, வாடிக்கை. சிவப்பு மை, வாடிக்கை. திரும்பவும் நீலம். சவிரிமுத்து சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான். கடைசி அட்டை மெதுவாகக் கழன்று புரண்டது. மண்ணிற மை.

முதுகர் புத்தகத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். நிலத்தில் இருந்துவிட்டார்.

"தம்பியவை, அருமை" என்றார். அந்தச் சொல் எங்கள் அறையில் கேட்டது அதுதான் முதல் தடவை.

சவிரிமுத்து எச்சில் கையாலேயே சிலுவை போட்டான். அவருடைய மனைவி வந்தால் அறையில் எங்கே திரை கட்டுவது என்றுகூட முடிவாகிவிட்டது. மறுநாள் அமெரிக்காவில் சின்யோராவின் தம்பி மகனுக்குத் தொலைபேசி எடுத்தோம். வாங்க ஆள் இருக்கிறது, கைபடாமல் அப்படியே அனுப்பு என்றான்.

முதுகர் தலை தோய்ந்தார். திருநீறு பூசினார். காய்ந்த அட்டையைக் கடித உறையின் மேல் முதுகு தெரிய வைத்தார். விலாசம் எழுதப் பேனையை எடுத்தார். கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்தார். கை தன்பாட்டில் தன் வேலையைச் செய்தது. கண்ணைத் திறந்தபோது மண்ணிற முதுகின் தலையில், நீல மையில், அழகான ஒரு 'உ'.

"அழிக்கட்டே, அண்ணை?" என்று சவிரிமுத்து கேட்டான்.

"தொடாதை!"

விஷயத்தை மறைத்து அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிப்பட்ட ஆளல்ல. திரும்பவும் தொலைபேசி எடுத்து, முதுகில் எழுத்துப் பட்டுவிட்டது, இப்படிச் சுழித்து இப்படி இழுத்த எழுத்து என்று விளக்கினார். "ஏன் இரண்டு என்று எழுதினாய்?" என்று அவன் கத்தியது எங்களுக்கும் கேட்டது. அது இரண்டு அல்ல, யானைமுகக் கடவுள் என்று சொல்ல முதுகர் எத்தனித்தார். யானைக்கு இத்தாலியனில் என்ன சொல் என்று அவர் தேடிக்கொண்டிருக்கையில் டெலிபோன் கார்ட் முடிந்துவிட்டது. பேனை பட்ட முதுகை வாங்க, முதலில் கேட்ட அந்த அமெரிக்க ஆள் பிறகு சம்மதிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு முதுகர் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்தால் வாங்கி நேரே குடித்தார். அதைப் பார்க்க எங்களால் முடியவில்லை. கடைசியில் சவிரிமுத்துதான் மாதா படத்தை ஆணியிலிருந்து கழற்றி அவர் மடியில் குப்புற வைத்தான்.

"பாருங்கோ அண்ணை. முதுகு எப்பிடி?"

முதுகர் அதைப் பெருவிரலால் தடவினார். "வாடிக்கை" என்றார். எங்களுக்கு அதுவே போதும்.

பிறகும் வருடக்கணக்காகப் படி கழுவித்தான் மனைவியை எடுப்பித்தார். ரோமிலிருந்து ரயிலில் வருகிறா என்று தகவல் வந்தது. மூன்று பேரும் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற ரயில் நிலையத்துக்குப் போனோம். சவிரிமுத்துவின் கையில் அவர்களுடைய கலியாணப் படம். முதுகர் அதைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தார்.

"முகம் மாறியிருக்கும். எனக்கு அடையாளம் மட்டுக்கட்ட ஏலாமல் போனால் அவள் என்ன நினைப்பாள்?"

ரயில் வந்து நின்றது. உயரமான படி. ஒரு பெண் கம்பியைப் பிடித்து, கனத்த பெட்டியை இழுத்தபடி, பின்பக்கமாக இறங்கினா. எங்களுக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான்.

"பொறுங்கோ அண்ணை, திரும்பட்டும்" என்று சவிரிமுத்து படத்தை உயர்த்தினான்.

"திரும்பத் தேவையில்லை" என்றார் முதுகர். "அருமை." சொல்லிக்கொண்டே ஓடினார்.

அடுத்த மாதம் அவர்கள் வேறு வீட்டுக்குப் போனார்கள். மண்ணிற அட்டை அங்கே சாமிப்படத்தோடு, முதுகு தெரிய இருந்தது. இங்கே, ஒரேத்தோ அறையில், சவிரிமுத்துவும் நானும் கனகாலம் தேத்தண்ணி ஊற்றுவதற்கு முதல் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டோம். அவர் இல்லாதது எங்களுக்கு அவ்வளவு கவலையாக இருந்தது.