டிங்கர் செத்துத்தான் போனான்

"பஸ்ஸுலயே விட்டுட்டேன்" என்றாள் கிளெனிஸ் ட்ரெவார்தா, கைப்பையை மூன்றாவது தடவையாக நூலக மேசைமேல் கவிழ்த்துவிட்டு.

"பஸ் மெக்கானிக் கொட்டகையில நிக்குது. அதுவும் பக்கத்து ஊர்ல. சனிக்கிழமை பன்னெண்டு அடிச்சதும் பூட்டிட்டுப் போயிருப்பான்" என்றான் அவள் புருஷன் நெவில். அவன் வெந்நீர் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கூட்டம் நடக்கும்போதெல்லாம் டீ அவன் பொறுப்பு.

மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு எழுத்தாளர் பெட்ரா கலாந்திஸ் மேடை ஏறுவாள். அவளுடைய புது நாவலைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்க வேண்டியவள் கிளெனிஸ். நாவலின் பெயர் 'மூன்றாம் கேட்'. மழையே பெய்யாத ஊரில் ஆடு வளர்க்கும் ஒரு விதவை, அவளுக்குத் துணையாக டிங்கர் என்று ஒரு கிழட்டு ஆட்டு நாய், அவ்வளவுதான் கதை. கிளெனிஸ் அதை எட்டு மாதம் முன்பே படித்துவிட்டாள். கடைக்கு வருமுன் பதிப்பகத்தார் அட்டையில் 'திருத்தப்படாத படி' என்று போட்டு, தபாலில் அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். அதில் வரிக்கு வரி மஞ்சள் சீட்டு ஒட்டிவைத்திருந்தாள். அந்தப் பிரதிதான் இப்போது பஸ்ஸின் டிரைவர் சீட்டுக்கடியில் கிடந்தது.

கிளெனிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கடைசி நிறுத்தத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் புத்தகம்தான். பன்னிரண்டு வருஷமாக பெல்லர்ஸ் கிராசிங் நூலகத்தில் 'புத்தகத்தோடு ஒரு மதியம்' நடத்துகிறாள். புத்தகத்தைக் கடைசி வரிவரை படிப்பாள், பிறகு மனதில் பட்டதைக் கேட்பாள். இந்த இரண்டாவது பழக்கம்தான் வினை. போன தடவை வந்த ஒரு பெரிய மனிதரிடம், "இருநூறு பக்கம் குறைச்சிருக்கலாமே, உங்களுக்கே தோணலையா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கேக்கைக்கூடத் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நூலகக் குழுத் தலைவி லொரெய்ன் ஷுல்ட்ஸுக்கு ஊர் முழுக்க ஒரே பேச்சு. கிளெனிஸ் புத்தகத்தைப் படிப்பதே இல்லையாம், சண்டை இழுக்கத்தான் மேடை ஏறுகிறாளாம். இன்று ஒரு பிசகு நடந்தாலும் நாற்காலி லொரெய்னுக்குப் போகும் என்று குழு முடிவு செய்திருந்தது. லொரெய்ன் அதற்காகப் புதுச் சால்வைகூட வாங்கிவிட்டாள்.

அவளே இப்போது ஒரு தாளை நீட்டினாள். "மூணே மூணு கேள்வி கிளெனிஸ். கதை எப்படித் தோணுது? காலையில எழுதுவீங்களா, ராத்திரியா? பேனாவா, கம்ப்யூட்டரா? இதைத் தாண்டக் கூடாது."

"ரொம்ப நல்ல தாளா இருக்கே" என்றாள் கிளெனிஸ். நாலாக மடித்து, மேடையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் செருகினாள். மேசை ஆட்டம் நின்றது.

பிரதி வேண்டும். நூலகப் பிரதி யார் வீட்டிலோ இருந்தது, அதற்குப் பின்னால் பதினான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். பதிப்பகத்திலிருந்து எழுத்தாளரோடு வந்திருந்த இமோஜன் என்ற சின்னப் பெண் விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"மடிக்காதீங்க. கோடு போடாதீங்க. ரொம்ப விரிச்சும் பிடிக்காதீங்க."

"மூச்சு விடலாமா?" என்று கேட்டுவிட்டு கிளெனிஸ் மேடை ஏறினாள். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனப்பாடமாக இருப்பதை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?

கூட்டம் அறுபது பேர் இருக்கும். நாற்காலி தூக்க வந்த கால்பந்துக் கிளப் ஆட்கள் நாலு பேர், லாமிங்டன் கேக் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவன் பாய்லர் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா நெவ், நீ இந்தப் புத்தகம் படிச்சியா?" என்றான்.

"நானா? மேட்ச் அட்டவணையைத் தவிர நான் எதைடா படிச்சேன்?" என்றான் நெவில். நாலு பேரும் சிரித்தார்கள்.

பெட்ரா கலாந்திஸ் நெடுநெடுவென்று உயரம். சிரிக்காத முகம். அடிலெய்டிலிருந்து நாலு மணி நேரம் தானே கார் ஓட்டி வந்திருந்தாள். பெரிய நகரங்களின் விழாக்களையெல்லாம் வேண்டாமென்று சொன்னவள் இந்தக் கோதுமைக்காட்டு ஊருக்கு ஏன் வந்தாள் என்று யாருக்கும் புரியவில்லை. வந்ததிலிருந்து கிளெனிஸையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க. அந்தக் கிணறு வத்துற இடம். நான் படிச்சதுலயே அதுதான் உசத்தி" என்றாள் கிளெனிஸ்.

பெட்ரா பக்கத்தைப் புரட்டினாள். உணர்ச்சியில்லாத குரலில் படித்தாள். "'டாக்டர் ரூபர்ட் தொப்பியைக் கழற்றினார். உன் கண்ணில் மழை தெரிகிறது, மார்கரெட், என்றார்.'"

முன்வரிசைப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். கிளெனிஸ் மட்டும் திருதிருவென்று விழித்தாள்.

"எந்த டாக்டர்?"

"மாட்டு டாக்டர்!" என்று நாலைந்து குரல் ஒரே நேரத்தில் கேட்டது.

"இந்தப் புத்தகத்துல மாட்டு டாக்டரே கிடையாதே."

"பாதிப் புத்தகத்துல அவர்தானே வர்றார்!" லொரெய்ன் எழுந்தே நின்றுவிட்டாள். "கேட்டீங்களா எல்லாரும்? நான் சொன்னேனா இல்லையா?"

இந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால், தண்ணீரைக் குடித்துவிட்டு, காலையில் எழுதுவீர்களா ராத்திரியா என்று கேட்டிருப்பார்கள். கிளெனிஸுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

"கடைசி வரி வரைக்கும் படிச்சவ நான். டாக்டரும் இல்ல, ரூபர்ட்டும் இல்ல. முடிவுல டிங்கர் செத்துப்போவான்."

கூட்டம் 'ஐயோ' என்றது. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"டிங்கர் சாகலை!"

"செத்தான்."

"சாகலைங்கறேன்! நேத்து ராத்திரிதான் முடிச்சேன்!"

"அப்போ நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்று கிளெனிஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். இமோஜன் சொன்னதை மறந்து நன்றாகவே விரித்தாள். வெற்றிக் குரலில் ஆரம்பித்தாள். "'டிங்கர் மூன்றாம் கேட் ஓரமாகப் படுத்தது. தலையை முன்னங்கால்மேல் வைத்தது. கண்ணை மூடியது.' போதுமா லொரெய்ன்?"

"அடுத்த வரியையும் படி" என்றாள் லொரெய்ன்.

அடுத்த வரி என்று ஒன்று கிளெனிஸுக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் தாளில் இருந்தது. "'பிறகு கண்ணைத் திறந்தது. வாலை ஆட்டியது. டாக்டர் ரூபர்ட் சிரித்தார். வானத்தில் ஒரு மேகம்...'"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டிங்கர் பிழைத்ததற்குத் தட்டினார்களா, கிளெனிஸ் கவிழ்ந்ததற்குத் தட்டினார்களா என்று சொல்ல முடியாது. லொரெய்ன் மேடைக்கே வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

"எறங்கு கிளெனிஸ்."

"மாட்டேன்."

"படிக்காம வந்து மாட்டிக்கிட்ட. இன்னும் என்ன?"

"படிச்சதாலதான் உக்காந்திருக்கேன்." கிளெனிஸுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமும் நாற்காலியும் போகிறது என்று தெரிந்தது. போனால் போகட்டும் என்று மைக்கைப் பிடித்தாள். "அச்சுல எது இருந்தாலும் சரி, இந்த முடிவு பொய். இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் அந்தக் கேட்டுல நின்னவங்கதான். ஆறு வருஷம் வானம் பாத்தோம். ஆட்டை வித்தோம், எத்தனை நாயைப் புதைச்சோம்! யாருக்காவது ரூபர்ட் வந்தாரா? ஹால்டன், உங்க நாய் செத்தப்போ வந்தாரா?"

"வரலை" என்றார் மூன்றாம் வரிசையில் ஒரு கிழவர்.

"நான் படிச்ச புத்தகத்துல நாய் சாகும். அந்தம்மா மறுநாள் எழுந்து, தனியாப் போய் கேட்டைத் திறப்பா. அதைப் படிச்சப்போ நம்ம ஊரை ஒருத்தி மதிச்சு எழுதியிருக்கான்னு தோணுச்சு. பொய்யா ஆறுதல் சொல்லலை, நம்மளை அழுமூஞ்சின்னு நினைக்கலை. அதை எழுதின அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும், செத்தானா இல்லையா?"

அறுபது தலையும் பெட்ராவின் பக்கம் திரும்பின. இமோஜன் மேடையோரமாக ஓடிவந்தாள். "பெட்ரா, வேணாம்! ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"ஒப்பந்தம் கிடக்குது போ" என்றாள் பெட்ரா. அன்று முதல் தடவையாக அவள் முகத்தில் உயிர் வந்தது. "டிங்கர் செத்துத்தான் போனான். நான்தான் கொன்னேன். மூணு மாசம் உக்காந்து, வார்த்தை வார்த்தையா கொன்னேன். முதல்ல அச்சடிச்ச படியில அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் பதிப்பகத்துல பயந்துபோய் டாக்டரை நுழைக்க வெச்சாங்க. அந்த ரூபர்ட்டை எழுதும்போது எனக்குப் பல்லு கூசிச்சு. இவங்க சொல்றதுதான் என் புத்தகம்."

கால்பந்துக் கிளப் ஆட்கள் விசில் அடித்தார்கள். ஹால்டன் கிழவர் எழுந்து நின்று தட்டினார். லொரெய்னின் கை நாற்காலியிலிருந்து தானாக நழுவியது. கிளெனிஸ் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"இப்ப நான் உங்களை ஒண்ணு கேக்கணும்" என்று பெட்ரா அவள் பக்கம் திரும்பினாள். "இதைக் கேக்கத்தான் நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தேன். இவ்வளவு நியாயம் பேசற நீங்க, எங்க பதிப்பகத்துக்கு இந்தக் கடிதத்தை ஏன் போட்டீங்க?"

பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்துப் படித்தாள். "'ஐயா, நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். ஆயிரம் புத்தகம் படித்தவள். எத்தனையோ சாவைத் தாங்கியிருக்கிறேன், இந்த நாயின் சாவைத் தாங்க முடியவில்லை. நாலு நாளாக ஓயாமல் அழுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து ஒரு நல்ல மாட்டு டாக்டரை வரவழைத்து அதைப் பிழைக்க வையுங்கள். இப்படிக்கு, கிளெனிஸ் ட்ரெவார்தா, பெல்லர்ஸ் கிராசிங்.' பன்னெண்டு வருஷமா மேடை நடத்தற அம்மாவே இப்படி அழுதா நாடே அழும்னு பதிப்பகத்துல முடிவு கட்டிட்டாங்க. என் முடிவு போச்சு."

அறுபது தலையும் இப்போது கிளெனிஸின் பக்கம் திரும்பின.

"நான் எழுதலை" என்றாள் கிளெனிஸ். "அழறதா? எங்கம்மா அடக்கத்துக்கே நான் அழலை."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள் லொரெய்ன். கை மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டது. "ஆனா கீழ உன் பேர் இருக்கே. ஒருத்தங்க புத்தகத்தைக் கடிதம் போட்டுக் கெடுத்துட்டு, மேடையில வந்து உத்தமி வேஷம் போடறியா? இது படிக்காம வர்றதைவிட மோசம். எறங்கு."

கிளெனிஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அடித்தது. அவள் வீட்டு முகவரிதான். மெல்ல எழுந்திருக்கக்கூடச் செய்தாள்.

அப்போது பின்னால் ஒரு தட்டு கீழே விழுந்தது. லாமிங்டன்கள் நாலாபக்கமும் உருண்டன. நெவில் பாய்லரை அணைத்துவிட்டு நடுவழியில் வந்து நின்றான். பழைய கிளப் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"அவளை உக்கார விடுங்க. கடிதம் நான் போட்டது."

கிளெனிஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. கோபமும் வந்தது, கூடவே மனசும் கொஞ்சம் இளகியது.

"நெவ், எனக்காகவா போட்ட? வெளிய காட்டலைன்னாலும் உள்ளுக்குள்ள நான் அழறேன்னு நினைச்சியா? முட்டாள், நான் ஒரு சொட்டுக்கூட அழலையே!"

நெவில் கால்பந்துக் கிளப் ஆட்கள் நாலு பேரையும் ஒரு தடவை முறைத்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

"உனக்காக எவன் போட்டான்? டிராக்டர் கொட்டகையில உக்காந்து நாலு நாள் அழுதது நான்!"