ஒரு மறுப்பு வேண்டி விண்ணப்பம்

மாண்புமிகு முன்னாள் கவர்னரும், பெர்ச் ஏரிக் கரைவாசிகள் சங்கத்தின் இந்நாள் தலைவரும், என் தங்கை மாரிட்டின் கணவருமான டுவேன் ப்ரூயிட் அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி சங்க மன்றத்தின் அவைத்தலைவர் ஹால்வர் பிரெக்கி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் ஏரியும் நலம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் தனியாகக் கூட்டம் போட்டுக் கூச்சலிடுகிறது. அங்கே அரிசோனா வெயிலில் தாங்களும் மகள் கார்லாவும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இத்துடன் தங்கள் கையெழுத்துக்காக ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன். பேனாவை எடுக்குமுன் தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கவும்.

தாங்கள் ஊரைவிட்டுப் போனதிலிருந்து இங்கே 'மாட்டேன்' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் எதைக் கொண்டுவந்தாலும் மன்றம் கையைத் தூக்கிவிடுகிறது, தாங்களும் அங்கிருந்தபடியே கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலில் அனுப்பிவிடுகிறீர்கள். கரையெல்லாம் அசிங்கம் பண்ணும் வாத்துகளை விரட்ட பிளாஸ்டிக் ஓநாய்கள் வாங்கி நிறுத்தலாம் என்றேன், நிறைவேறிற்று. வாத்துகள் இப்போது ஓநாய் நிழலில் படுத்துத் தூங்குகின்றன, பக்கத்து வீட்டு வெர்னனின் நாய்தான் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது. படகுத்துறை எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை வர்ணம் அடித்தால் பார்க்க லட்சணமாயிருக்கும் என்றேன், அதுவும் நிறைவேறிற்று. பொழுது சாய்ந்து மீன்பிடித்துத் திரும்புகிறவர்களுக்குத் தன் துறை எது, அடுத்தவன் துறை எது என்று தெரியாமல் போய், ஆர்லீன் காப் அம்மாள் தன் சமையலறையில் யாரோ ஒரு மனிதர் சாவகாசமாக மீன் கழுவுவதைப் பார்த்து அலறியது அக்கரைவரை கேட்டது. பழைய டுவேனாக இருந்தால் இரண்டையும் கிழித்துத் திருப்பி அனுப்பியிருப்பான். இனிமேல் 'தாங்கள்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, மாப்பிள்ளை. மன்னித்துக்கொள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆட்சேபம் இல்லாத அற்ப விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி, வாசிக்காமலே ஒரே ஓட்டில் தள்ளிவிடும் பழக்கத்தை நம் மாநில செனட்டிலிருந்து இந்தச் சங்கத்துக்குக் கொண்டுவந்தவன் நான்தான், பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். போன வாரக் கூட்டத்திலும் அப்படித்தான், கொசு பிடுங்குகிறது, காப்பி ஆறுகிறது, ஆட்சேபம் உண்டா என்றேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, சுத்தியலைத் தட்டிவிட்டுக் காப்பிப் பாத்திரத்தை நோக்கி நடந்தேன். அங்கே ஆர்லீன் நின்றிருந்தாள்.

"ஏன் ஹால்வர், டுவேன் வீட்டு அடுப்பு நல்லா எரியுமா? என் தம்பி மகன் கேக்கச் சொன்னான்."

"அவனுக்கு எதுக்கு அது?"

"வாங்குறவன் கேக்க மாட்டானா? இப்பதானே நீயே சுத்தியலத் தட்டி வித்துக் குடுத்த."

நான் வாசிக்காமல் தள்ளிய அந்தக் கட்டுக்குள், குப்பைத்தொட்டி மூடிக்கும் ஓடையில் பீவர்கள் கட்டிய அணைக்கும் நடுவில், உன் வீட்டை விற்பதற்கான ஒப்புதல் இருந்திருக்கிறது. செயலாளருக்கு விண்ணப்பம் அனுப்பத் தெரிந்த உனக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். காப்பியைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தலைநகர நாட்களே நினைவாக இருக்கிறது. நீ கவர்னர், நான் எதிர்க்கட்சியாய் இருந்தாலும் செனட்டில் பெரும்பான்மைக்குத் தலைவன். சட்டம் இயற்றுவது நான், மறுப்பது நீ. பணப்பெட்டிச் சாவி என்னிடம், பேனா உன்னிடம். கவர்னர் மாளிகைக் கூரை ஒழுகிய அந்தக் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? என் பள்ளிப் பேருந்து மசோதாவில் நீ கையெழுத்துப் போடும்வரை கூரைக்குக் காசு கிடையாது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். மாரிட் போன் செய்தாள்.

"அண்ணா, உன் அதிகாரம் என் தலையணைமேல சொட்டுது."

"உன் புருஷன மசோதாவுல கையெழுத்துப் போடச் சொல்லு."

"சொன்னேன். உங்க அண்ணன முதல்ல கூரையப் போடச் சொல்லுன்றார். நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்ச வாளியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைச் சரியாக ஒழுகலுக்குக் கீழே இழுத்துப் போட்டு நம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். சூப் தீருவதற்குள் கிண்ணம் மறுபடி நிறைந்தது. மறுநாள் நீ கையெழுத்துப் போட்டாய், நான் பணம் ஒதுக்கினேன். பத்திரிகைக்காரர்கள் அதை ராஜதந்திரம் என்று எழுதினார்கள்.

பிறகு பட்ஜெட்டில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, என் ஊர் பேண்டு வாத்திய மேடைக்கான ஒரு வரியை மட்டும் தேடிப்பிடித்து அடித்தாயே, அந்த அதிகாரத்தைக் கவர்னருக்குக் கொடுத்த புண்ணியவான் யாரோ. அந்த வாரம் மாரிட் ஆப்பிள் கேக் செய்து எல்லோருக்கும் ஒரு துண்டு வைத்தாள். உனக்குத் தட்டு இருந்தது, முட்கரண்டி இருந்தது, கைத்துண்டுகூட மடித்து வைத்திருந்தது, கேக்தான் இல்லை. "மத்ததெல்லாம் அப்படியே விட்டுட்டேன், ஒரு வரிதான் அடிச்சேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. கடைசியில் என் துண்டில் பாதியை உனக்குத் தள்ளினேன், நீயும் வெட்கமில்லாமல் தின்றாய்.

நான் விடவில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுச் சேர்த்து உன் மறுப்பைத் தள்ளி மேடையைக் கட்டினேன். திறப்பு விழாவுக்கு வந்து, ஏதோ உன் யோசனை போல நாடாவை நீ வெட்டிப் பேசினாய். வாத்தியம் தொடங்கியதும் மாரிட்டோடு ஆடினாய். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு எதையாவது ஒன்றைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் அதைத்தான் கேட்பேன்.

பதவி போன கோடையில் உன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து இந்தச் சங்கத்துக்கு நாம் விதி எழுதினோமே. மன்றம் தீர்மானிக்கும், தலைவர் கையெழுத்திடுவார் அல்லது மறுப்பார், மறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மாரிட் எட்டிப் பார்த்து, இந்தச் சில வீட்டுக்கும் ஒரு நாய்க்கும் இவ்வளவு அரசாங்கமா என்றாள். அவள் கண்மூடியபின் நீயும் ஊரைவிட்டுப் போய்விட்டாய். இப்போது எதற்கும் கையெழுத்துப் போடுகிறாய். அதைப் பார்க்கும்போதுதான் மாப்பிள்ளை எனக்குப் பயமாக இருக்கிறது, உனக்கு எதிலும் பிடிப்பு விட்டுப்போய்விட்டது போல. அவள் கட்டிய துணிக்கொடி உன் வீட்டுப் பின்னால் இன்னும் இருக்கிறது. வாரம் ஒருமுறை போய்க் கதவு ஜன்னல் திறந்து வைத்துவிட்டு வருகிறேன். ஆர்லீனின் தம்பி மகன் தங்கமான பையனாகவே இருக்கலாம், ஆனால் அவனோடு நான் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

என் மசோதாக்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பினாய். இந்த வீட்டு விற்பனைத் தீர்மானத்தையும் ஒரு தடவை எனக்காகத் திருப்பி அனுப்பு. தாளின் குறுக்கே அந்தக் கோணல் எழுத்தில் 'மறுக்கிறேன்' என்று ஒரு வார்த்தை போதும். ஆயுளில் முதன்முறையாக உன்னிடம் சந்தோஷமாகத் தோற்பேன்.

கார்லாவுக்குத் தாய்மாமனின் ஆசிகள். பேரப்பிள்ளைகளை உச்சிமோந்ததாகச் சொல்லவும். சகல செல்வாக்குடனும் நீண்ட ஆயுளுடனும் தாங்கள் விளங்க வேண்டும்.

தங்கள் பணிவுள்ள,
ஹால்வர் பிரெக்கி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடு. தயவுசெய்து மறுக்காதே. தபால்பெட்டிவரை போனபோதுதான் ஆர்லீன் வீடு வீடாகப் போய் மூன்றில் இரண்டு பங்கு சேர்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நீ மறுத்தால் அவள் அதைத் தள்ளிவிடுவாள், அந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஆகவே அவள் மதியத் தூக்கம் போடும் நேரமாகப் பார்த்து மன்றத்தைக் கூட்டி, அடுத்த கோடைவரை ஒத்திவைத்துவிட்டேன். வந்தவர்கள் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்கள். மன்றம் கலைந்திருக்கும்போது தலைவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தால் தீர்மானம் தானே செத்துப்போகும், அது நீ எழுதிய விதி. ஆகவே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குக் கைவந்த கலை என்று செனட்டில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். கலைவதற்கு முன்னால், வீட்டை விற்கிறவர் நேரில் வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேற்றினோம். அதுவும் இந்த உறைக்குள் இருக்கிறது, அதில் மட்டும் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பு. மாப்பிள்ளை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போடு. தாளை மாற்றிப் போட்டுத் தொலைக்காதே.