அக்தோஷ் பிடித்த ஜின்

நரின் ஆற்றுப் பக்கம் எங்கள் ஊரில் ஜின் என்னும் பேய் பிடிக்காத ஆளே கிடையாது. பிடித்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது நாய். ஓட்டுவது கலமுராத். 'கண் திறந்தவர்' என்று பட்டம். கொடுத்தவரும் அவரேதான்.

விருந்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மேல் ஊர் நாய்கள் எழும்பித் தாவின. "விருந்து வீட்டு ஜின் தோள்ல ஏறி வருது. நாய் அதைப் பாக்குது" என்றார் கலமுராத். அவ்வளவுதான், கொட்டும் பனியிலும் அவர் வாசலில் வரிசை!

வைத்தியம் இதுதான். நாய்க்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நிற்க வேண்டும். கை கட்ட வேண்டும். மூச்! விருந்தில் கொடுத்தனுப்பிய இறைச்சிப் பை 'ஜின்னின் பங்கு'. அதை ஆற்றில் விடுவதற்காகத் தன் கார் டிக்கியில் வைத்துக்கொள்வார். ஐந்தே நிமிடத்தில் நாய் அடங்கிவிடும். கூட்டம் கண்ணீர் விடும். ஜின்னுக்கு ஆட்டுத்தொடை மேல் ஏன் இத்தனை ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வந்தவள் புருல்சா. பக்கத்து ஊர் கால்நடை மருத்துவர். எங்கள் ஊர் எர்மெக்குக்கு நிச்சயித்த பெண். அவன் அம்மா குல்பூபூ தன் கையாலேயே அவள் காதில் நிச்சயத் தோடு மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. அன்று தன் சித்தப்பா வீட்டு விருந்து முடிந்து, வழக்கப்படி இறைச்சிப் பையோடு வருங்கால மாமியார் வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டு நாய் அக்தோஷ் பாய்ந்து வந்து அவள் மார்பில் இரண்டு சேற்றுக் காலையும் பதித்தது.

உடனே கலமுராத்துக்கு ஆள் போயிற்று. காரில் வந்து இறங்கிக் கண்ணை மூடினார். திறந்த கண்ணை ஏன் மூடுகிறார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இது சாதா ஜின் இல்ல, குல்பூபூ. இந்தப் பொண்ணு வந்தா உன் வீடு வெளங்காது."

குல்பூபூ கையை நீட்டினாள். "தோட்டைக் கழட்டிக் குடும்மா."

எர்மெக் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தர்றேன் அத்தை. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை" என்றாள் புருல்சா. "அய்யா, உங்களை ஜின் பிடிக்குமா?"

"என்னையா? என் நிழலைப் பாத்தாலே ஓடும்!"

"அப்ப இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க."

"டிக்கில வையி. அதான் முறை."

"ஏன் அய்யா, கனக்குதா?" வேலியோரம் நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மானம் போகுமே என்று வாங்கினார். அக்தோஷ் தாவியது. குல்லா பறந்தது. "ஏய்! போ! பிடிங்கய்யா இதை!" அவர் கத்தக் கத்த, கையை வீச வீச, அது இன்னும் குஷியாகத் தாவியது.

"கத்தாதீங்க. விளையாடக் கூப்பிடறீங்கன்னு நெனைக்குது."

புருல்சா பையை வாங்கினாள். முதுகைக் காட்டி, கை கட்டி, கிழக்கே பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் இருந்தது கழிப்பறை மட்டும்தான். நாய் இரண்டு தடவை தாவியது. அவள் சட்டை செய்யவில்லை. நாலு காலும் தரையில் பட்டதுதான் தாமதம், திரும்பி ஒரு துண்டு இறைச்சி போட்டாள். மறுபடி அதே. மூன்றாம் முறை அக்தோஷ் தாவவே இல்லை. தானாகவே உட்கார்ந்து வாலை ஆட்டியது.

"அவ்வளவுதான் அத்தை. கறி வாசனைக்குத் தாவுது. தாவுறப்போ நீங்க கத்துறீங்க, தள்ளுறீங்க, கொஞ்சுறீங்க. எல்லாமே அதுக்கு விளையாட்டு. கண்டுக்காம நின்னா அடங்கிடும். இவர் செஞ்ச வித்தையும் அதேதான். ஜின்தான் கூடுதல்."

அதற்குள் அக்தோஷ் காரின் பின்பக்கம் போய் டிக்கியைப் பிறாண்டியது. "ஐயோ, அது ஜின்னோட பங்கு, திறக்காதே!" என்று கலமுராத் பதற, குல்பூபூ திறந்தாள். ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய பைகள் இருபதுக்கு மேல். நடுவில் ஒரு தராசு. எங்கள் ஊர் ஜின் கிலோக் கணக்கில் வியாபாரம் செய்யும் போலிருக்கிறது!

கலமுராத் குல்லாவைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார். குல்பூபூ, தோட்டைக் கேட்டு நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், மருமகளின் தோட்டுத் திருகை இறுக்கிவிட்டாள்.

நாய்க்கு மூக்கு இருந்தது, பயன்படுத்தியது. நமக்கும் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. குல்லா மாட்ட மட்டும்தானா அது?