பக்கத்தில் இருப்பதே இறுதி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் மாமியார் நலம். அவருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. தனக்குச் சளி விட்டுவிட்டது என்று மகள் போனில் சொன்னாள், சந்தோஷம். உங்களிடமும் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பேசினால் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்துவது அழகில்லை என்று உங்கள் மாமியார் பேனாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

போன முறை வந்திருந்தபோது, சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை நினைவிருக்கிறதா? எங்கள் டிப்போவில் எந்த பஸ்ஸை எந்த டிரைவர் ஓட்டுவது என்று தினமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான், சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வருகிறது என்று சும்மா புலம்பினேன். புலம்பினால் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகிற சாதாரண மாப்பிள்ளையாக நீங்கள் இருந்திருக்கக் கூடாதா? "அதுக்கு ஏன் மாமா கஷ்டப்படறீங்க, லெட்டர் அடிக்கிறீங்களே, அதே புரோகிராம்ல பட்டியலை அடிச்சு, சேவ் பண்றப்ப வெப் பேஜ்னு குடுங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் இருக்குமே, அதுல போட்டுட்டா எல்லா கம்ப்யூட்டர்லயும் தெரியும். சின்னக் குழந்தைகூடப் பண்ணும்" என்றீர்கள். அந்தச் சின்னக் குழந்தை எந்த ஊரில் இருக்கிறது, அதை வேலைக்கு எடுக்க முடியுமா என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மறுநாள் காலை மேலாளரிடம் போய் நானே யோசித்துக் கண்டுபிடித்தது போலச் சொன்னேன். அவர் அந்த வாரமே டிரைவர்கள் ஓய்வறையில் ஒரு பெரிய திரையை மாட்டி, கரும்பலகையைக் கழற்றி, வெப் பேஜுக்குத் தமிழில் 'பக்கம்' என்று பெயரிட்டு, 'இனி டியூட்டி விஷயத்தில் பக்கத்தில் இருப்பதே இறுதி' என்று சுற்றறிக்கையும் அடித்து என்னிடமே கையெழுத்து வாங்கிவிட்டார்.

முதல் நாள், பட்டியலுக்கு மேலே ஒரு பஸ் படம் வைத்து, ஓரத்தில் பூ வேலை செய்து, என் கம்ப்யூட்டரில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓய்வறைத் திரையில் போய்ப் பார்த்தால் பஸ் இருந்த இடத்தில் ஒரு பெட்டியும் அதற்குள் சிவப்புப் பெருக்கல் குறியும், கீழே எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக. டிரைவர்கள் அதற்கு முன்னால் கூட்டமாக நின்று, "இதுல எந்தக் கட்டம் சார் நானு?" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். உங்களுக்கு போன் போட்டேன். படம் தனி ஃபோல்டரில் இருக்கும், அதையும் பக்கத்தோடு சேர்த்து எடுத்து வைக்கணும், எழுத்துரு அந்த கம்ப்யூட்டரிலும் இருக்கணும் என்றீர்கள். செய்தேன். வந்தது. வந்த சந்தோஷத்தில் உங்கள் மாமியாரைக்கூட வெளியே சாப்பிட அழைத்துப் போனேன்.

மறுநாள் பக்கமே இல்லை. விசாரித்தால் உதிரிப் பாகக் கிடங்கைப் பார்க்கும் எங்கள் ஸ்டோர்ஸ் அம்மாளின் வேலை. ஆயில் டப்பாக்களைக்கூட லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி அடுக்கி வைக்கிறவர், பொது ஃபோல்டரையும் அடுக்கியிருக்கிறார். "உங்க பேஜை நான் தொடவே இல்ல சார். அதுக்குப் பக்கத்துல அதே பேருக்குப் பின்னாடி கோடு கீடு போட்டு ஒரு ஃபோல்டர் கெடந்துச்சு, குப்பைன்னு எடுத்துப் போட்டேன். ஒண்ணை அழிச்சா இன்னொண்ணும் கூடவே போயிடும்னு எனக்கு யாரு சொன்னா?" அதுதான் படம் இருந்த ஃபோல்டர்; அது போனால் பக்கமும் போய்விடும் என்று எனக்கும்தான் யாரும் சொல்லவில்லை. சோபாவில் சாய்ந்திருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

திரும்ப அடித்தேன். இந்த முறை திருத்த முயன்றால், 'இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்று தடுக்கிறது. யார் அந்த வேறொருவர் என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டுச் சண்டை போட்டுவிட்டு வந்து முழுதாகப் படித்தால், அடியில் என் பெயர்தான் போட்டிருக்கிறது. நான்தான் பயன்படுத்துகிறேன், ஆகவே நான் பயன்படுத்தக் கூடாதாம். வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்துத் திருத்திக்கொள் என்று அதுவே வழியும் சொன்னது. எடுத்தேன். மேலாளரும் எடுத்தார். ஸ்டோர்ஸ் அம்மாளும் தம் பங்குக்கு எடுத்தார். இப்போது அந்த ஃபோல்டரில் 'டியூட்டி', 'டியூட்டி புதுசு', 'டியூட்டி கடைசி', 'டியூட்டி உண்மையில் கடைசி', 'டியூட்டி இதைத் தொடாதே' என்று ஒரு குடும்பமே குடியிருக்கிறது. ஒரு பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர், இன்னொரு பஸ்ஸுக்கு யாருமே இல்லை.

இதுவரை நடந்தது சிரிக்கிற விஷயம் மாப்பிள்ளை. நேற்று நடந்தது அப்படியில்லை.

எங்கள் டிரைவர் ஒருவரை ஹாரன் என்று கூப்பிடுவோம். எதிரே எருமையே படுத்திருந்தாலும் ஹாரன் அடிக்காமல் அது எழுந்து போகும்வரை நிற்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அவர் மனைவிக்கு நிறைமாதம். கூச்சப்பட்டுக்கொண்டே என்னிடம் வந்து, "சார், இந்த வாரம் மட்டும் டவுன் பஸ் குடுங்க, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கும்" என்று கேட்டார். அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உடனே மாற்றினேன். 'உண்மையில் கடைசி'யில் மாற்றினேன். ஓய்வறைத் திரை காட்டிக்கொண்டிருந்ததோ வெறும் 'கடைசி'. அதில் அவர் பெயர் வெளியூர் வண்டியில் இருந்தது. மனிதர் வாய் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு விடியும்போதே கிளம்பிப் போய்விட்டார். காலையில் அவர் மச்சினி அழுதுகொண்டே டிப்போவுக்கு போன் செய்கிறாள், அக்காவுக்கு வலி வந்துவிட்டது, ரத்தம் போகிறது, அத்தான் எங்கே என்று. ஓட்டும்போது அவர் போனை அணைத்து வைத்துவிடுவார், விதி அப்படி. கண்டக்டர் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை.

டிப்போ ஜீப்பை எடுத்தேன். 'உண்மையில் கடைசி'யில் அதே வெளியூர் வண்டிக்கு நான் பெயர் போட்டு, வந்து பார்த்து வண்டி கிடைக்காமல் கோபமாக உட்கார்ந்திருந்த இன்னொரு டிரைவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸைத் துரத்திப் பிடித்தோம். ஓடிப்போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன். ஹாரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் இருக்கையை விட்டு எழவில்லை.

"பேஜ்ல என் பேருதானே சார் இருக்கு. வண்டிய விட்டுட்டு எறங்கினா நாளைக்கு நீங்கதானே மெமோ குடுப்பீங்க. பக்கத்தில் இருப்பதே இறுதின்னு போட்டிருக்கீங்க."

"அதைப் போட்டவனே சொல்றேன்யா, எறங்கு."

"எழுத்துல குடுங்க சார்."

பயணிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில், கண்டக்டரின் பேனாவால், அவரை விடுவிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை அடித்தல் திருத்தல் இல்லை. எந்த ஃபோல்டரும் தேவைப்படவில்லை. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைக் கூட வந்த டிரைவரிடம் விட்டுவிட்டு, ஜீப்பில் ஏறி, திரும்பும் வழி முழுக்கத் தாமே ஓட்டினார். அப்போதும் ஹாரனைத் தொடவில்லை. நான்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வழி விடுங்கள் வழி விடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போவதற்குச் சற்று முன்னால் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிழைத்தாள், ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த பேஜ் போடறவரா?"

தலையாட்டினேன்.

"டாக்டரம்மா எதையும் பேஜ்ல பாத்துட்டு வரல சார். அதனால பொழச்சேன்" என்றாள். திட்டாமல், சோர்வாகத்தான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ஆகவே மாப்பிள்ளை, முடிவு செய்துவிட்டேன். கரும்பலகையை ஸ்டோர்ஸிலிருந்து எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, எல்லாக் 'கடைசி'களையும், இனி ஒருவராலும் திரும்பக் கொண்டுவர முடியாதபடி வேரோடு அழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். என் மகளைக் கொடுத்த உரிமையில் கேட்கிறேன்.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், கேட்காத யோசனை எதையும் யாருக்கும் சொல்லாமல், நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் டிப்போவைப் பார்வையிட வந்துவிட்டார். ஓய்வறையில் நின்று திரையையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து எல்லாம் ஒழுங்காகத் தெரிந்து தொலைத்தது. "அழகா இருக்கே. யாரு பண்ணினது?" என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார், டிரைவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான் மேடம்" என்றேன். எல்லா டிப்போவிலும் இதையே வைக்கப் போகிறார்களாம், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். அதற்கும் என் வாய்தான் முந்திக்கொண்டது. எனவே ஞாயிற்றுக்கிழமை எதையும் அழிக்க வேண்டாம். எனக்குச் சொல்லிக்கொடுக்க சனிக்கிழமையே வந்துவிடுங்கள். திங்கட்கிழமை வகுப்பு. நீங்கள் யார் என்று யாராவது கேட்டால், சும்மா மாமனாரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் போதும்.